ஊர்ப் பெயர் எழுதாத கட்டுரை

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்று, நீளும் என் நாவுக்கு அணை போடக் கைம்மணியோடு அமர்ந்திருக்கும் பெரியவர் ஆராவமுதன் அவர்களே! மேடையை அணி செய்யும் மருத்துவப் பெருமக்களே! தறியை நிறுத்திவிட்டுத் தமிழ் கேட்க வந்திருக்கும் தோழர்களே! மடியில் பிள்ளைகளைக் கிடத்திக்கொண்டு காது கொடுத்திருக்கும் தாய்மார்களே! புகழ்ந்தால் முகம் சுளிக்கும் என் கல்லூரித் தோழி, இன்றைய விழாவின் நாயகி, டாக்டர் குமுதவல்லி அம்மையாரே! உங்கள் எல்லோருக்கும் கோதண்டபாணியின் பணிவான வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் அம்மையாரின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். முப்பத்து நான்கு கட்டுரைகள்! காலராக் கிருமியைப் பற்றி. அந்தக் கிருமியையே அழிக்கும், அதனினும் நுண்ணிய நச்சுயிரியைப் பற்றி. அந்த நச்சுயிரிக்குள் சுருண்டு கிடக்கும் மரபு மூலக்கூற்றைப் பற்றி. கடல் கடந்த நாடுகளில் அவற்றைப் படிக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்கள், பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும்! நான் பேச வந்தது அவற்றில் ஏழாவது கட்டுரையைப் பற்றி. இரண்டே பக்கம். பரிசு பெறாத கட்டுரை, பலரும் படிக்காத கட்டுரை. அது இந்தக் காஞ்சிபுரத்தில் பிறந்த கட்டுரை. ஆனால் அதில் காஞ்சிபுரம் என்ற பெயர் எங்கும் இல்லை. ஏன் இல்லை?

அறுபத்தைந்தாம் ஆண்டு. நான் அப்போது இந்த நகராட்சியின் சுகாதார மருத்துவன். வைகாசித் திருவிழா. கருட சேவை காண வந்த கூட்டத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. பந்தலுக்குப் பந்தல் பானகம், மூலைக்கு மூலை மோர், தெருவெல்லாம் தாழம்பூ வாசம். அந்த மணம் மாறுவதற்குள் காலரா வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து நோயாளிகளைக் கிடத்தினோம். சிலரைக் காப்பாற்றினோம். சிலரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்களுடைய வீட்டார் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள்.

நோய் அடங்கியது. ஆனால் முற்றிலும் ஓய்ந்ததா? இல்லை. ஆடியில் ஒருவர், ஆவணியில் ஒருவர் என்று வந்துகொண்டே இருந்தார்கள். எங்கிருந்து வருகிறது இந்தக் கிருமி? எனக்குப் புரியவில்லை. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்த குமுதவல்லிக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கினார்.

“நோயே இல்லாத ஒருத்தர் வயித்துல அது குடியிருக்கலாம், கோதண்டம். அவருக்கே தெரியாம” என்றார். அப்படி ஒன்று உண்டா என்று பலரும் ஐயப்பட்ட காலம் அது.

அதைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? வீடு வீடாகப் போய் டப்பா கொடுத்து மலத்தைச் சேகரிக்க வேண்டும். சிரிக்கிறீர்கள், அன்றும் சிரித்தார்கள். “ஐயங்கார் ஊட்டுப் பொண்ணு, டாக்டருக்குப் படிச்சிட்டு, இத்தயா கேட்டுக்கினு வருது?” என்று என் காதுபடப் பேசினார்கள். முதல் வாரம் ஒரு தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது. அம்மையாரின் தந்தை அழகியமணவாளன், கோயிலில் பாசுரம் ஓதும் பெரியவர், பரம ஆசாரம். மகள் கிணற்றடியில் குளித்த பிறகுதான் வாசற்படி ஏற விடுவார். அவர் என்ன செய்தார் தெரியுமா? மகளை ஊர் விரட்டுகிறது என்று கேள்விப்பட்ட மறுநாள் காலையில், பளிச்சென்று நாமம் தரித்து, பஞ்சகச்சம் கட்டி, தம்முடைய டப்பாவைத் தாமே கையில் ஏந்தி, தெரு நடுவே நடந்து வந்து என் மேசைமேல் வைத்தார். “என்னோடதையும் எடுத்துக்கோங்கோ. எழுதிக்கோங்கோ பேரை” என்று உரக்கச் சொன்னார். அதன் பிறகு யாருக்கு வெட்கம்? பெரிய காஞ்சியும் வந்தது, சின்னக் காஞ்சியும் வந்தது, வரிசை வளைந்து நின்றது! அந்தப் பெரியவர் இன்று இல்லை. இருந்திருந்தால் இந்த மாலையை முதலில் அவருக்கே போட்டிருப்பேன்.

கண்டுபிடித்தார் அம்மையார். ஓர் அம்மா. திருவிழாச் சமயத்தில் இரண்டு நாள் வயிறு கலங்கி, தானே தேறியவர். திடமாக நடமாடியவர். அவருக்குள் அந்தக் கிருமி மாதக்கணக்கில் இருந்தது. வைகாசியில் பரவியதும் இவரிடம் இருப்பதும் ஒரே வகைதான் என்று, கிருமியை அழிக்கும் அந்த நச்சுயிரிகளைக் கொண்டே உறுதி செய்தார். உலகமே திரும்பிப் பார்க்க வேண்டிய கண்டுபிடிப்பு!

யார் அந்த அம்மா? முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். ஐயா, நானும் கேட்டேன். எனக்கும் சொல்லவில்லை. “ஒனக்குத் தெரிஞ்சா நீ மேல சொல்லியாகணும். வைத்தியத்த நான் பாத்துக்கறேன்” என்றுவிட்டார். எனக்குக் கோபம். ஆனால் ஒன்று கேட்டார், ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் குளோரின் போட வேண்டும் என்று. ஒரு கிணற்றுக்கு மட்டும் போட்டால் ஒரு வீடு தெரிந்துவிடும் அல்லவா? அதனால் எல்லாக் கிணறுகளுக்கும் போட்டோம்.

ஆனாலும் ஊர் வாய் சும்மா இருக்குமா? யாரோ ஒருத்தி காலராவைச் சுமந்து திரிகிறாள் என்று பேச்சு கிளம்பியது. கைகள் நீண்டன, கண்கள் குறுகின. பஸ் நிலையத்துப் பக்கம் இட்லி விற்ற அம்சவேணி அம்மாள்மேல் பழி விழுந்தது. ஒரே வாரத்தில் அவர் கடை வெறிச்சோடியது. அவர் இல்லை என்று அம்மையாருக்குத் தெரியும். சொல்லியிருக்கலாமே? இவர் இல்லை என்றால், அவரா என்று அடுத்த வீட்டைக் கேட்பார்கள். அவரும் இல்லை என்றால் அதற்கடுத்த வீடு. ஆகவே அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காலையில் போய், போகிறவர் வருகிறவர் பார்க்க, அந்தக் கடைப் பலகையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். சின்னக் காஞ்சி வைதிகர் வீட்டுப் பெண்! நான் போய், இவர்தானா என்று மெல்லக் கேட்டேன். “இட்லி நன்னா இருக்கு. நீயும் ஒக்காரு” என்றார். உட்கார்ந்தேன். மறுநாள் ஆசிரியர்கள் இருவர் உட்கார்ந்தார்கள். கடை பிழைத்தது.

இதற்கிடையே ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவசரப்படுத்தினார். உடனே எழுது, ஊர், தெரு, வயது, தொழில் எல்லாம் போட்டு எழுது, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு உனக்கே என்றார். அம்மையார் அந்தத் தாயிடம் போய்ச் சம்மதம் கேட்டார். அவர் சொன்னதை, பெயரை மட்டும் மறைத்து, பின்னாளில் எனக்குச் சொன்னார்.

“ஊட்ல ஒரு கல்யாணம் வச்சிக்கினு இருக்கோம்மா. இது வெளிய தெரிஞ்சா எங்க ஊட்ல ஒருத்தரும் கை நனைக்க மாட்டாங்க. இப்ப வேணாம்மா.”

அம்மையார் திரும்பி வந்து, பேனாவை மூடி வைத்தார். மருந்து கொடுத்தால் கிருமி மறையும், நிறுத்தினால் தலைதூக்கும். மாதங்கள் ஓடின. வெளிநாட்டு வாய்ப்பு வேறொருவருக்குப் போயிற்று. தையில் அந்த வீட்டில் கல்யாணம் நடந்தது. மாசியில் கிருமி முற்றிலும் மறைந்தது. அப்போது அந்தத் தாயே அம்மையாரைக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

“இப்ப எழுதுமா. என்ன மாதிரி இன்னொருத்தி எங்கனா தெரியாமயே இருப்பா, பாவம்.”

எழுதினார். ‘தென்னிந்திய நகரம் ஒன்றில்’ என்றுதான் எழுதினார். அதற்குள் வேறொரு நாட்டு ஆய்வுக்கூடம் இதே உண்மையைக் கண்டு அச்சேற்றிவிட்டது. முதலாவதாக வந்திருக்க வேண்டிய கட்டுரை, மற்றவர் சொன்னதை ஆமோதிக்கும் கட்டுரையாக, இதழின் கடைசிப் பக்கங்களில் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஆறு மாதம் முன்னால் அனுப்பியிருந்தால் உன் பெயர் முதலில் வந்திருக்குமே, குமுதா என்றேன்.

“என் பேரு வந்திருக்கும். அவ பேரும் சேந்து வந்திருக்கும், கோதண்டம்” என்றார்.

அடுத்த வைகாசி வந்தது. அதே கூட்டம், அதே பானகம், அதே தாழம்பூ. பள்ளிக்கூடத்தில் பாய்களை விரித்து வைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. கருடன்மேல் பெருமாள் போய்ப் பத்து நாள் கழிந்த பிறகு அந்த வெறும் பாய்களைச் சுருட்டினேனே, அந்தக் காலை போல இன்னொரு காலை என் வாழ்வில் வந்ததில்லை!

அன்பர்களே, அறிவு பெரிதா, அருள் பெரிதா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். இரண்டும் ஒருவரிடம் ஒன்றாகக் குடியிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பின்வந்த கட்டுரைகள் அவருக்குப் பெயர் தந்தன. இந்த ஒன்றிலோ ஒரு பெயரை அவர் காத்தார்.

தலைவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். அந்தத் தாய் இன்று இங்கே வந்திருக்கிறாரா? அவர் யாரென்றே பன்னிரண்டு ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. நான் பேசும்போது அம்மையாரின் பார்வை யார் பக்கமாவது போகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்; இப்போதும் பாருங்கள்.

ஆகவே, எதிரே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு தாயையும் அந்தத் தாயாகவே எண்ணி, கை கூப்பி வணங்கி, பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நெஞ்சின் நன்றியைச் சொல்லி அமர்கிறேன். வணக்கம்.