லிண்டன் மரத்துக்கு இன்னும் பன்னிரண்டு மீட்டர்

— ஏங்க, இந்தத் தள்ளுவண்டிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? சக்கரம் ஒரு சுத்து சுத்தினா ஒரு கத்து கத்துது. பக்கத்து வீட்டுக் கோபெட்ஸ்கியோட வாத்தெல்லாம் பதில் சொல்லுது.

— கத்தட்டும் ஸ்தாஸா. எனக்குத்தான் பத்தடிக்கு அப்பால எல்லாமே மோர் மாதிரித் தெரியுதே. அந்தச் சத்தம் கேட்டாத்தானே நீ எங்க இருக்கன்னு தெரியும்? சரி, கல்லு எங்க விழுந்துச்சு?

— கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன். பன்னெண்டு கிலோ கான்கிரீட் உருண்டைய ஈரப் புல்லுல தள்ளிக்கிட்டு வந்திருக்கேன்.

— மூச்சு அப்புறம் வாங்கிக்கலாம். அளவு மொதல்ல.

— நூத்தி எண்பத்தெட்டு.

— நூத்தி எண்பத்தெட்டா? போன மாசமும் அதே. மே மாசமும் அதே.

— உங்க டொன்காவுக்கு அவ்வளவுதான் தெம்பு, ஓத்மார். லிண்டன் மரத்துக்கு இன்னும் பன்னெண்டு மீட்டர் பாக்கி. வாங்க உள்ள, உருளைக்கிழங்கு அடை ஆறிப் போயிடும்.

— டொன்காவப் பழிக்காத.

— என் சக்களத்திய நான் பழிக்காம வேற யாரு பழிக்கிறது? ரிடையர் ஆன மத்த ஆம்பளைங்க மீன் பிடிக்கப் போறாங்க, காளான் பொறுக்கப் போறாங்க. என் வீட்டுக்காரரு மட்டும் எழுநூறு வருஷத்துக்கு முந்தி கோட்டை இடிக்கச் செஞ்ச கவண்பொறியத் தோட்டத்துல ஆளுயரத்துக்கு நாலு மடங்கா நிறுத்தி வச்சிருக்காரு. அதுக்கு டொன்கான்னு பேரு வேற. இடிக்கிறதுக்கு இங்க ஒரு கோட்டையும் இல்ல.

— கோபெட்ஸ்கியோட கண்ணாடிக் குடில் இருந்துச்சே.

— அய்யோ, அத மறக்க முடியுமா! மொத நாள், மொத கல்லு. ஊரே வேலியோரம் நின்னு வாயப் பொளந்துக்கிட்டு முன்னால பாக்குது. கல்லு பின்னால போயி அவரு தக்காளிப் பாத்தியில உக்காந்துச்சு.

— எறியுற கையோட நுனிக் கொக்கிய ரொம்ப நிமித்தி வச்சுட்டேன். கவண்கயிறு அவசரப்பட்டுக் கழண்டுடுச்சு. கவண்பொறி கட்டுற எல்லாருமே ஒரு தடவையாவது பண்ற தப்புதான் அது.

— தப்பு எல்லாரும் பண்ணுவாங்க. டேப்ப எடுத்துக்கிட்டு அவரு தக்காளி வரைக்கும் போயி அளந்து, நோட்டுல ‘மைனஸ் முப்பத்தொண்ணு’ன்னு எழுதிக்கிட்டு வந்தது நீங்க ஒருத்தருதான்.

— நில அளவைக்காரன் வேற என்ன எழுதுவான்? அளவு அளவுதான். நாப்பது வருஷம் நான் இந்தப் பக்கம் கருவியில கண்ண வச்சேன், நீ அந்தப் பக்கம் அளவுகோலப் பிடிச்சுக்கிட்டு நின்ன. மழையா இருந்தாலும் காத்தா இருந்தாலும் உன் கையில கோல் ஒரு மயிரிழ சாஞ்சதில்ல. அதப் பாத்துத்தானே உன்னக் கட்டிக்கிட்டேன்.

— கோலப் பாத்துக் கட்டிக்கிட்டாராம். போங்க அந்தப் பக்கம். அப்ப எனக்கு இடுப்பு இருந்துச்சு, அதெல்லாம் ஞாபகம் இருக்காது.

— இருக்கு. அதுக்கும் அளவு சொல்லட்டுமா?

— வேண்டாம் சாமி. கோபெட்ஸ்கி காதுல விழுந்து தொலையும்.

— ஸ்தாஸா, இன்னிக்கு வாத்ஸ்லாவ் திருநாள், செப்டம்பரே முடியப் போகுது. இந்த வருஷத்துக்கு இதான் கடைசிக் கல்லு. சாயங்காலம் ரெனாடா ஃபோன் பண்ணிக் கேப்பா.

— கேப்பாதான். பெத்த பொண்ணாச்சே. நீங்களே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்க. ‘கல்லு லிண்டன் மரத்த எப்பத் தாண்டுதோ, அன்னிக்கு டொன்காவப் பிரிச்சுப் போட்டுட்டு, வீட்ட வித்துட்டு, புர்னோவுல உன் பக்கத்து ஃபிளாட்டுக்கு வந்துடுறோம்’னு சொன்னது யாரு?

— நான்தான். கண்ணு இப்படி ஆனதும் அவ அழுதா. ஏதாவது சொல்லணும்னு சொன்னேன். சொன்னா செய்யணும். அதான் ஏணிய எடுத்துட்டு வந்து வச்சிருக்கேன்.

— ஏணியா? எதுக்கு?

— எடைப்பெட்டியில இன்னும் நாலு மூட்டைக் கல்லு போடப் போறேன். இந்தப் பக்கம் கனம் கூடினா அந்தப் பக்கம் கை இன்னும் வேகமா ஏறும். பன்னெண்டு மீட்டர் தானா வந்துடும். இன்னிக்கே இன்னொரு கல்லு விட்டுடலாம். நீ ஏணியப் பிடிச்சுக்கோ.

— விளையாடுறீங்களா? அந்தப் பெட்டி வீட்டுக் கூரை ஒசரத்துல தொங்குது. போன வாரம்தான் வாசப்படி தெரியாம பூனைய மிதிச்சீங்க.

— அது கருப்புப் பூன. இருட்டுல எப்படித் தெரியும்?

— வெள்ளப் பூன, ஓத்மார்! பட்டப்பகல்!

— சரி, வெள்ளப் பூன. அதுக்காக உன்னய இப்படியே வச்சிருக்க முடியுமா? புர்னோ ஃபிளாட்டுல லிஃப்ட் இருக்கு, குளியல் தொட்டி இருக்கு, கீழ எறங்கினா ரொட்டிக்கடை. உன் முட்டி வலிக்கு விறகு தூக்க வேண்டாம், தண்ணி கொதிக்க வைக்க வேண்டாம். உனக்கும் அங்க போகணும்னுதானே ஆச?

— ஆசதான். ஏன் இல்லாம?

— குரல் ஏன் உள்ள போகுது?

— காத்தடிக்குது.

— காத்தே இல்ல. சரி, பிடி ஏணிய. இதோ ஒரு படி.

— எறங்குங்க.

— ரெண்டாவது படி. மூட்டைய அப்புறம் கயித்துல கட்டி மேல இழுத்துக்கிறேன். பன்னெண்டே மீட்டர்தான் ஸ்தாஸா. உனக்காக இது கூடப் பண்ணலைன்னா நான் என்ன புருஷன்?

— எறங்குங்கன்னு சொல்றேன்ல! தாண்டிடுச்சு!

— என்ன தாண்டிடுச்சு?

— கல்லு! மரத்தத் தாண்டிடுச்சு! இருநூத்திப் பத்து! போதுமா? கீழ வாங்க, என் உயிரே என்கிட்ட இல்ல.

— வந்துட்டேன். இந்தா என் கை. உக்காரு, இந்தக் கட்டை மேல உக்காரு. இன்னிக்கு இருநூத்திப் பத்தா?

— இன்னிக்கு மட்டும் இல்ல. போன வருஷம் மே மாசமே தாண்டிடுச்சு. நீங்க அந்தப் புதுக் கவண்கயிறு பின்னிப் போட்டீங்களே, அன்னிக்கு. மரத்துக்கு அந்தப் பக்கம், முள்ளுச் செடிக்குள்ள கிடந்துச்சு. அத வண்டியில ஏத்தும்போது அழுதுகிட்டேதான் ஏத்தினேன். வந்து உங்க மூஞ்சியப் பாத்தேன். ‘எவ்வளவு?’ன்னு கேட்டீங்க. வாயில நூத்தி எண்பத்தெட்டுன்னு வந்துடுச்சு.

— நாப்பது வருஷம் கோல் பிடிச்சவ.

— திட்டுங்க. கோல் சாஞ்சுடுச்சு. உங்ககிட்ட நான் சொன்ன ஒரே பொய் அளவு அதுதான், அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

— ஏன்னு சொல்லு.

— டொன்காவப் பிரிச்சுட்டா அடுத்த நாள் காலையில நீங்க எதுக்கு எழுந்திருப்பீங்க? கண்ணும் போயி, இதுவும் போயி, மூணாவது மாடியில சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அத என்னால பாக்க முடியாது.

— அப்ப எனக்காகச் சொன்ன பொய்.

— உங்களுக்காகன்னு சொன்னா அது பாதிப் பொய்யாயிடும். எனக்கே போக இஷ்டமில்ல. குளியல் தொட்டி யாருக்கு வேணும்? கயித்த இழுத்ததும் கல்லு கிளம்பிப் போற வரைக்கும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்களே, அந்த மூஞ்சி எனக்கு வேணும். நாலு எட்டு நடந்து போயி உங்க கல்லத் தேடணும். ரெனாடாவுக்காகத்தான் ஆச ஆசன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்களும் போகணும்னே பேசிக்கிட்டிருந்தீங்க. என்ன பண்ணட்டும்?

— நீ ஆசன்னு சொன்னதாலதானே பேசினேன். முன்னெல்லாம் உன் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவேன். இப்ப மூஞ்சி தெரியல, ஸ்தாஸா. உன் வாயால கேட்டாத்தான் உண்டு. ரொம்ப நாளாக் கேக்கணும்னு இருந்தேன்.

— இப்பக் கேட்டாச்சுல்ல? வேண்டாம். போக வேண்டாம்.

— எனக்கும் வேண்டாம்.

— அப்ப ரெனாடாவுக்கு என்ன சொல்றது?

— உள்ளத உள்ளபடி. கல்லு தாண்டிடுச்சு, அப்பன் வாக்குத் தவறிட்டான்னு நானே சொல்றேன். பனி விழுந்து வழி அடைக்கிற ரெண்டு மாசம் அங்க வந்து இருக்கோம், கண் டாக்டரையும் பாக்குறோம், பனி கரைஞ்சதும் திரும்பிடுவோம்னு சொல்றேன்.

— கத்துவா.

— கத்தட்டும். ஞாயித்துக்கிழம அவ வருவா, பிளம் உருண்டை பண்ணி வை. கத்திக்கிட்டே பத்துத் தின்னுவா.

— ஒன்றரை வருஷம் ஏமாத்தியிருக்கேன். உங்களுக்குக் கோவமே வரலையா? அய்யோ, எனக்காக அந்த ஒசரத்துக்கு ஏறப் பாத்தீங்களே. கால் தவறியிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்?

— யாரு ஏறப் பாத்தா? அந்த ஏணியில மூணாவது படிக்கு மேல படியே கிடையாது. கோடையிலயே நான்தான் கழட்டி அடுப்புல வச்சேன். நிமிந்து பாரு.

— ஆமா, வெறும் ரெண்டு கழி! உங்க காலையே பாத்துக்கிட்டிருந்ததுல நான் மேல பாக்கவே இல்ல. அடப் பாவி மனுஷா! என்னயப் பேச வைக்கிறதுக்கா நாடகம் ஆடினீங்க? அப்ப உங்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கு.

— சந்தேகமா? எனக்கா?

— சிரிக்காதீங்க. போதும், எழுந்திருங்க, அடை கல்லா ஆயிருக்கும். வண்டிய நான் கொட்டகையில விட்டுட்டு வரேன். இன்னிக்காவது அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விடப் போறேன், தடுக்காதீங்க.

— தாராளமா விடு. இனிமே எனக்கு அந்தச் சத்தம் வேண்டியதில்ல. மரம் வரைக்கும் அந்தச் சக்கரம் நூத்தி அம்பத்தொம்பது தடவ கத்தும் ஸ்தாஸா. போன வருஷம் மே மாசத்துலேர்ந்து ஒரு நாள் கூட நூத்தி அறுபதுக்குக் கம்மியா நான் எண்ணினதே இல்ல.