எலுமிச்சம்பழத் தொப்பி போட்ட சைக்கிள்

...காப்பி குடிக்கப் போயிட்டானாம்! பாத்தீங்களா தம்பி, ஜன்னல்ல மாட்டியிருக்கறத? ‘அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன்.’ எந்த வருஷத்து அஞ்சு நிமிஷம்னு எழுதல. முனிசிபாலிட்டிக்காரன் காப்பின்னா சும்மாவா? கொட்டைய நட்டு, செடி வளத்து, வறுத்து, அரைச்சுல்ல குடிக்கணும்! கொஞ்சம் நகருங்க, நானும் இந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன். கண்ணாடி வேற பனில மூடிக்கிச்சு, உங்க மூஞ்சியே அரைகுறையாத்தான் தெரியுது. நவம்பர் மாசம் இந்த ஆத்தங்கரையில கண்ணாடி போட்டா என்ன, போடாட்டி என்ன.

ஏலத்துல எடுத்தீங்களா? செவுத்துல சாத்தியிருக்கே, அதா? ...தப்பா நெனைக்காதீங்க, இதுக்கா பணம் குடுத்தீங்க? சாணி நெறத்துல ஒரு சைக்கிள்! சரி, நமக்கென்ன. தெருவுல அனாதையாக் கெடக்குற ஓட்டை உடைசலையெல்லாம் அள்ளிட்டு வந்து இங்க ஏலம் விடுறாங்க. அதையும் எடுக்க மகராசன் நீங்க இருக்கீங்க. ரசீதுக்குக் காத்திருக்கீங்களாக்கும். காத்திருங்க காத்திருங்க.

நான் அதுக்கு வரல. என்னோடது புது சைக்கிள். புத்தம் புதுசு! திருடு போயி ரெண்டு மாசம் ஆச்சு. ‘இங்கயும் ஒரு தடவ பாத்துட்டு வாயேன்’னு கூட வேலை செய்யற ஜைரா சொன்னா, அதான் வந்தேன். வந்தா ஏலமே முடிஞ்சுபோச்சாம். முடியாதா பின்ன, நான் வர்றேன்ல!

ஆஸ்பத்திரி சமையக்கட்டுல வேலை எனக்கு. காலைல அஞ்சரைக்கு அங்க இருக்கணும். முதல் பஸ்ஸு எப்ப தெரியுமா? ஆறு பத்து! டைம்டேபிள் போட்டவன் நல்லாத் தூங்கறவன். ஏழு கிலோமீட்டர் நடந்து பாத்தேன், ஓடிப் பாத்தேன்... ஐம்பத்தி நாலு வயசுப் பொம்பள நான் ஓடினா நாய்கூட வெரட்டாது, பாவம் பாக்கும். எங்க மேற்பார்வைக்காரி மொரேனா இருக்காளே, அவ நேத்து சொல்லிட்டா: “ஒரியெல்லா, திங்கக்கெழமையும் லேட்டுன்னா அப்படியே வீட்டுக்குப் போயிடு.” சிரிச்சுக்கிட்டே சொன்னா தம்பி. அவ சிரிச்சா யாரோ ஒருத்தருக்கு வேலை போகுதுன்னு அர்த்தம்.

அதுக்காகத்தானே அந்த சைக்கிளே வாங்கினேன்! கடைக்காரன் லெயார்க்கோ, இருபத்தோரு கியர் வச்ச ஒண்ணத் தலைல கட்டப் பாத்தான். ‘ஏம்ப்பா, இந்த ஊர்ல மேடுன்னா ஆத்துக்கரை ஒண்ணுதான். மிச்ச இருபது கியர வச்சு என்ன, பாஸ்தா பிழியவா?’ன்னேன். கடைசில ஒரு நீல சைக்கிள் எடுத்தேன், முன்னாடி கூடை வச்சது. நானூத்தி முப்பது யூரோ. ...வெக்கத்த விட்டுச் சொல்றேன், முதல் நாள் கரை மேல மிதிச்சுட்டுப் போறப்ப பாட்டுப் பாடிக்கிட்டே போனேன். என் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷமா இல்ல.

அன்னிக்கு சாயங்காலமே தெருவே வந்து துக்கம் விசாரிச்சுது. “புதுசா? ஒரு வாரம் தாங்கும்.” இங்க திருடினத பொலோஞ்ஞாவுல விப்பானாம், அங்க திருடினது இங்க வருமாம். சைக்கிளுங்க நம்மள விட ஜாஸ்தி ஊர் சுத்துது!

ஆனா நான் என்ன இளிச்சவாயா? ஜன்னல் கதவுக்கு வாங்கின பழுப்பு பெயின்ட் மிச்சம் இருந்துச்சு. நீலம் தெரியாம பூசிவிட்டேன் ஒரு பூச்சு! மணியக் கழட்டி வீட்ல வச்சேன். சீட்டுக்கு என் பழைய குளியல் தொப்பிய மாட்டினேன், எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாப் போட்டது. பூட்டறப்பல்லாம் ரெண்டு பிரேக் கம்பியயும் கழட்டி விட்டுடுவேன். திருடன் ஏறினான்னா நேரா ஆத்துலதான் எறங்கணும்! ஹா!

...என்ன தம்பி, கோட்டக் கழட்டி சைக்கிள் மேல போடறீங்க? குளிரல? வாங்கின மறுநிமிஷமே இவ்வளவு பாசமா!

போலீஸ்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. ‘என்ன நெறம்’னு கேட்டான். ‘நீலம்’னேன். பில்லுல நீலம்னுதானே போட்டிருக்கு! ரெண்டு மாசமா நீலத்தத் தேடறான், தேடறான்... அவனுக்கெல்லாம் சம்பளம்!

இன்னும் ஒண்ணு இருக்கு, அத யாருக்கும் சொன்னதில்ல. கேட்டுட்டு நீங்களும் செஞ்சுக்கங்க. முனிசிபாலிட்டிக்காரங்க அனாதை சைக்கிள்ல ஒரு ஆரஞ்சு அட்டை கட்டுவாங்கள்ல, ‘முப்பது நாளில் எடுக்காவிட்டால் அகற்றப்படும்’னு? சக்கரமே இல்லாத ஒண்ணுலேர்ந்து அத அவுத்து நைசா என்னோடதுல கட்டிட்டேன்! அட்டையப் பாத்தா இது முனிசிபாலிட்டி சொத்துன்னு எந்தத் திருடனும் தொடமாட்டான். எப்படி என் மூளை? ...தேதியா? ஆமா, ஏதோ தேதி போட்டிருந்துச்சு. யாரு அதையெல்லாம் படிச்சா... முப்பது நாள் எப்பவோ முடிஞ்சிருக்கும், அது பழைய சைக்கிளோட அட்டைதானே...

...

முப்பது நாளில் எடுக்காவிட்டால்...

அட கடவுளே.

இருங்க, எங்க எந்திரிக்கறீங்க? ரசீது வாண்டாமா? மெதுவா, கோட்டு நழுவுது பாருங்க, விழுந்துடப் போ... அது என்ன மஞ்சளா? இருங்க, கண்ணாடியத் தொடச்சுக்கறேன். எலுமிச்சம்பழமா அது? தம்பி! என் தொப்பி! அது என் சைக்கிள் தம்பி! அதுக்குள்ள ஏறிட்டீங்களே! கோட்டப் போட்டு மூடினதெல்லாம் இதுக்குத்தானா? யோவ், நில்லுய்யா! திங்கக்கெழமை எனக்கு வேலை இருக்குய்யா! சரிவுப் பக்கம் திருப்பாத, கீழ சந்தை நடக்குது! மணிய அடி, ஜனங்க வெலகட்டும்... மணி எங்க வீட்டு அலமாரில கெடக்கு. பிரேக்கப் புடி! பிரேக்கப் புடிய்யா, பிரே...

அய்யய்யோ. ரெண்டையும் நான்தானே கழட்டி விட்டேன்.