அடுத்த வீட்டு ஒத்திகை

எங்கள் கட்டடத்தில் சுவரெல்லாம் அட்டை மாதிரி. அது கட்டினவர் குற்றம். காதில் விழுந்தால் நான் என்ன செய்ய முடியும் சார்?

அடுத்த வீட்டுக்காரி மேடையில் ராணி. வானொலியில் கிழவி, குழந்தை, குடிகாரன் எல்லாம் அவள்தான். நாடகத்தையும் அவளே எழுதிக்கொள்வாள். ஒத்திகை பார்த்தால் ஒரு குடும்பமே அடித்துக்கொள்வது போலிருக்கும். எட்டிப் பார்த்தால் இவள் ஒற்றைக்கட்டை. புதிதாகக் குடிவருகிறவர்கள் பயந்துபோய் என்னிடம் ஓடிவருவார்கள். "அது ஒத்திகைங்க" என்று தைரியம் சொல்லி அனுப்புவது என் பொறுப்பு.

அப்புறம் வாராவாரம் 'சுவர்க்காது அக்கா' என்று ஒரு தொடர் ஆரம்பித்தாள். நான் பேச்சை இழுக்கிற இழுப்பு, என் பெருமூச்சு, பெருமூச்சுக்குப் பின்னால் நான் சொல்லும் "நமக்கெதுக்கு வம்பு", ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போய்விட்டாள். பால்காரர்கூட என்னை அந்தப் பெயரில் கூப்பிட்டார். பொறுத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் பல்லைக் காட்டாத என் வீட்டுக்காரர், அதையே அவள் வாயால் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ சொன்னா வளவளன்னு இருக்கு. அவ சொன்னா எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்றார்.

அன்று மத்தியானம் அவள் குளியலறையில் தொப்பென்று விழுந்த சத்தம். பிறகு, "அக்கா, எழுந்திருக்க முடியலக்கா."

நாடகத்தில் அழுதால் அழகாக அழுவாள். இதில் அழகே இல்லை. வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இருக்குமா?

மேல்வீட்டு டீச்சர் காவலாளியைக் கூட்டிக்கொண்டு இறங்கிவந்தாள். கதவை உடைக்கலாமா என்று கேட்டாள். டீச்சர் உங்களிடம் கொடுத்த வாக்குமூலம் அத்தனையும் நிஜம். நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.

"அது ஒத்திகைங்க. நமக்கெதுக்கு வம்பு."

போய்விட்டார்கள். சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் வானொலியைப் போட்டேன். அவள் நிகழ்ச்சிதான் ஓடியது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

மறுநாள் கதவை உடைத்தபோது உயிர் இல்லை. கொன்றேன் என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விரல்கூட நான் வைக்கவில்லை.

அடுத்த வாரமே வானொலி நிலையத்தில் சுவர்க்காது அக்காவுக்குக் குரல் தேடினார்கள். போனேன். எல்லாம் என் சொந்தச் சரக்குதானே, பேசிக் காட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த தயாரிப்பாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: "நல்லாத்தான் பண்றீங்கம்மா. ஆனா அவங்க மாதிரி வரலை."

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்த ஆளுக்குக் காது சரியில்லை.