மறு உத்தரவு வரும் வரை

நெட் வேகமானதில் யாருக்கும் புகார் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சித்ராம்மா. அசோசியேஷன் செயலாளர் என்ற முறையில் கேட்டீர்கள், சொல்கிறேன்.

நான் ரிட்டையராகி ஐயப்பன்தாங்கலுக்கு வந்த புதிதில் நம் பிளாக் நெட் எப்படி இருந்தது? ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, மாங்காடு போய் அம்மனைக் கும்பிட்டு, புளியோதரை சாப்பிட்டுத் திரும்பினால் பாதிப் படம் வந்திருக்கும். போன் சிக்னலோ நம் சுவருக்குள் நுழையவே நுழையாது. வாட்ச்மேன் அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து ப்ராக்ஸி போட்டது நான்தான். ஒருவர் பார்த்த பக்கத்தின் நகலை அது வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் அதையே எடுத்து நீட்டும். எந்த நகலை எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் கைப்பக்குவம். செய்திக்கு அரை மணி. கோயில் நடை திறக்கும் நேரத்துக்கு ஒரு மாதம்.

எதிர் வீட்டுப் பரந்தாமனின் விளம்பரத்துக்கு, மறு உத்தரவு வரும் வரை.

மகளுக்குக் குழந்தை பிறந்ததும் வீட்டை விற்றுவிட்டு அவள் இருக்கும் ஓசூருக்கே போய்விட நினைத்தான். தரகுத் தளம் ஒன்றில் விளம்பரம் போட்டான். போன் நம்பர் கொடுக்காதே, கண்டவனும் கூப்பிடுவான், கேட்பவர்கள் அந்தப் பக்கத்திலேயே எழுதட்டும் என்று யோசனை சொன்னவனும் நான்தான். 'இதுவரை யாரும் விசாரிக்கவில்லை' என்றிருந்த முதல் நாள் பக்கத்தை நகலாக நிறுத்திவிட்டேன். சின்னப் பக்கம். சட்டென்று திறக்கும்.

சாயங்காலம் கேரம் ஆட வருவான்.

"இன்னா நைனா, என் ஊட்ட ஒரு ஈ காக்காகூட எட்டிப் பாக்கல. உள்ள பேய் கீய் கீதா?"

"மார்க்கெட் டல்லுப்பா. நீ ஸ்ட்ரைக்கரப் புடி."

வாஸ்து கோளாறு என்று சமையல் மேடையை இடித்துத் திசை மாற்றினான். வாசலில் பூசணிக்காய் கட்டினான். பேத்தியின் காதுகுத்தைப் போனில்தான் பார்த்தான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அதற்கு என்னைத்தான் பாராட்டினான்.

எல்லாம் அவன் மனைவி கோமளாவால் கெட்டது. மாங்காட்டில் தரிசன வரிசையில் நின்றபடி போனைத் திறந்திருக்கிறாள். நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, வெளியில பாத்தா கல்யாணப் பந்திக்கு நிக்கிற மாதிரி ஆளுங்க ஊடு கேட்டு எழுதிகினு கீறாங்க. உள்ள வந்தா ஒருத்தனும் இல்லன்னு காட்டுது. இன்னாண்ணே இது?"

அன்று சாயங்காலமும் பரந்தாமன் வந்தான். ஸ்ட்ரைக்கரை என் கையில் வைத்துவிட்டுப் போனான். போன வாரம் காலி செய்தான்.

"அவர ஏமாத்துனீங்களா அங்கிள்?" என்று கேட்டீர்கள். நான் செய்தேன், தெரிந்தே செய்தேன். எல்லாம் நெட்டின் வேகத்துக்காக.

ஓசூர் போனதிலிருந்து அவனுக்குத் தினமும் மெசேஜ் அனுப்புகிறேன். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்தான். அங்கே நெட் படு மோசம் போலிருக்கிறது. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, நானே ஒரு நடை போய்ச் சரிசெய்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.