கக்கத்தில் ஒரு நிறுத்தம்

1974 ஜூலை 14, ஞாயிறு, மாலை 4.50, தூறல். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போகும் பஸ்ஸில் முப்பத்தொன்பது பேர் இருந்தோம். எனக்கு முன் இருக்கையில் ஒரு ராவுத்தர், புலிப் படம் போட்ட பழைய தேயிலை விளம்பரத் தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்:

"ஏனுங்க ராவுத்தரே, எங்க ஸ்டாப்பைக் கக்கத்துல இடுக்கிட்டு எங்கீங்க போறீங்க?"

"உங்க ஸ்டாப்புல இத மாட்டியிருந்த கடைக்காரர்கிட்ட காலைல காசு கொடுத்து வாங்கினதும்மா. எங்கிட்ட இருபத்தாறு போர்டு இருக்கு, புலி மட்டும் இல்ல. நாலு வருஷமாத் தேடினேன்."

"நாளைக்கு எம் மருமவ கைக்கொழந்தையோட மொதமொதல்ல தனியா வாறா. புலியப் பாத்து எறங்குன்னு சொல்லியிருக்கறன். காணலீன்னா பாலக்காடே போயிருவாளுங்க."

"ஊர்ப் பேரைச் சொல்லி எறங்கட்டுமே?"

"எங்க பக்கம் அதுக்குப் புலி ஸ்டாப்புன்னுதானுங்க பேரு."

"அட, எனக்கும் அதான் அடையாளம்," என்றார் டிரைவர்.

"ஐயோ, தாண்டிட்டமுங்க!" என்று அவள் கத்தினாள்.

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நின்றது. ராவுத்தர் தகட்டோடு எழுந்தார்.

"வாம்மா, திரும்ப மாட்டிடறேன். மருமக வந்து சேரட்டும். புதன்கிழமை வந்து எடுத்துக்கறேன்."

"தாராளமா எடுத்துக்குங்க. வரப்ப வேற புலி ஒண்ணு கொண்டாந்துருங்க."

பஸ்ஸே சிரித்தது. ராவுத்தரும் சிரித்தார். அவளோடு இறங்கி, தூறலுக்கு இருவர் தலைக்கும் மேலே தகட்டைப் பிடித்தபடி வந்த வழியே நடந்தார்.

நானும் அங்கே இறங்க வேண்டியவன்தான். ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பஸ் கிளம்பியதைக் கவனிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி வர எனக்கு இருபது பைசா ஆயிற்று.