நந்திக்குப் போன செவ்வரளி மாலை

வட ஆற்காடு ஜில்லா, மாதனூர் கிராமம், கோவிந்தன் மகன் சுப்பராயன், வயது ஐம்பத்தெட்டு, பார்க்கிறவர்கள் நாற்பத்தைந்துக்கு மேல் சொல்லமாட்டார்கள், ஜோலார்பேட்டை ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்து விலகியவன், மூன்றாம் வகுப்பை உள்ளே உட்கார்ந்தும் நான்காம் வகுப்பை ஜன்னலுக்கு வெளியே நின்றும் படித்தவன், 1930ஆம் வருஷம் ஜனவரி மாதம் போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்லும் வாக்குமூலம் யாதெனில்:

இந்த வழக்கில் எதிரியாகக் காட்டப்பட்டிருக்கும் அமிர்தவள்ளி என் அக்கா மகள். அவள் புருஷன் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவளுக்கு மிஞ்சியது ஓடைக்கரையில் இருக்கும் துண்டு நிலம்தான். மேட்டில் தோல் பதனிடும் ஷாப்புகளின் சுண்ணாம்புத் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அந்த ஓடையில்தான் இறங்கும். அங்கே கேழ்வரகு போட்டால் நாற்றிலேயே மஞ்சளாகிச் சாகும். புல்கூட முளைக்காத அந்த இடத்துக்கு ஜோலார்பேட்டை ஸ்டேஷன் தோட்டத்திலிருந்து செவ்வரளிக் குச்சிகளைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். அந்தத் தோட்டம் பூத்திருந்தபோது சிவப்புக் கொடி காட்டுகிறார்கள் என்று எண்ணி டிரைவர் மெயில் வண்டியை நிறுத்தியதை என் கண்ணால் கண்டேன். இது வழக்குக்கு வேண்டாம் என்று ரைட்டர் ஐயா சொல்கிறார். எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குச்சியைக் கொண்டுவந்தது நான் என்றாலும் பிழைக்கவைத்தது அவள். விரல் பருமனுள்ள கொம்பை முழ அளவுக்கு நறுக்கி, ஆடி மாதத்தில் சாய்வாக ஊன்றி, துளிர் விடும்வரை குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். துளிர் விட்ட பிறகு நிறுத்திவிட்டாள். நான் இரக்கப்பட்டு ஊற்றப் போனதற்கு, "தண்ணி ஜாஸ்தி குடுத்தா சோம்பேறி ஆயிடும் மாமா. அதுவா தேடட்டும், வேரு கீழே போவும்" என்றாள். அதன் பிறகு பூத்து ஓய்ந்த கொம்பையெல்லாம் கழித்து விடுவாள். புதுக் கொம்பின் நுனியில்தான் பூ வரும். கழிக்கும்போது கையில் துணி சுற்றிக்கொள்வாள். கழித்ததை வரப்பில் போடமாட்டாள், அடுப்பிலும் வைக்கமாட்டாள். குழி வெட்டிப் புதைத்து, மேலே முள் போட்டு மூடுவாள். பச்சையாக இருந்தால் கசப்புக்கு மாடு மோந்துவிட்டுப் போய்விடும், வாடினால் தின்றுவிடும் என்பது அவள் கணக்கு.

பாலாற்றில் ஊற்றுத் தோண்டியும் மணலே வந்த பஞ்ச வருஷத்தில், மாதனூரில் பச்சை என்று கண்ணுக்குப் பட்டது அவளுடைய அரளி வேலி ஒன்றுதான். வேலி என்று சொன்னால் போதாது, மதில். ரயிலில் போகிறவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள். அவள் கட்டுகிற மாலைக்கு வேலூர், திருப்பத்தூர் கோயில்களிலிருந்தும் ஆள் வரும். யார் வந்தாலும் மாலையைக் கையில் கொடுக்கும் முன், "எந்த சாமிக்கு?" என்று கேட்பாள். கல்லுக்கும் செம்புக்கும்தான் கொடுப்பாள். கல்யாண மாப்பிள்ளைக்கே கொடுக்காமல் திருப்பி அனுப்பினவள்.

பிராது கொடுத்த சாமிநாதன் தோல் ஷாப்புகளுக்கு ஆவாரம் பட்டை ஏற்றிப்போகும் வண்டிக்காரர். அவருடைய வெள்ளை ஜோடி மாட்டைப் போல இந்தப் பக்கத்தில் கிடையாது என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். மாட்டுப் பொங்கலன்று காலையில் அவர் அமிர்தவள்ளி வீட்டுக்கு வந்தார். அப்போது நான் அங்கே கூழ் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு மாலை குடும்மா. என் ஜோடியப் பாத்து ஊரே வாயப் பொளக்கணும்" என்றார்.

"மாட்டுக்கா? அரளி வேணாம்ண்ணே. சாமந்தி கட்டித் தர்றேன்."

"சாமந்திய எல்லாப் பயலும் போடறான். எனக்கு செவப்புதான் வேணும்."

"பக்கத்துல பக்கத்துல ரெண்டு கழுத்து இருக்கும். இது மாலைய அது கடிக்கும். விஷம்ண்ணே."

"ஊருக்கெல்லாம் விக்கிற பூ எனக்கு மட்டும் விஷமா? இன்னாம்மா பேஜார் பண்றே!" என்று கோபமாகப் போய்விட்டார்.

அதன் பிறகு பகல் சாப்பாட்டு வேளை கழிந்து, அவருடைய சம்சாரம் செல்லம்மாள் தாம்பாளத்தோடு வந்தாள். வழக்கம்போல அமிர்தவள்ளி, "எந்த சாமிக்கு?" என்று கேட்டாள். செல்லம்மாள் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டே, "நந்திக்கு" என்றாள். அன்று சிவன் கோயில் நந்திக்கு அலங்காரம் நடக்கும் நாள். ஆகையால் அமிர்தவள்ளிக்குச் சந்தேகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. கல் நந்தி நிறையப் பூ தாங்கும் என்று சொல்லி, உள்ளதில் பெரிய மாலையாக எடுத்து அவளே தாம்பாளத்தில் வைத்தாள்.

அதன் பிறகு பொழுது சாயும் முன், தெருவில் மேளம் நின்று கூச்சல் கேட்டது. ஓடினோம். நான் முன்னால் ஓடினேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன்; அவள்தான் முன்னால் ஓடினாள். பட்டைக் கிடங்கு வாசலில் ஒரு மாடு விழுந்து கிடந்தது. வாயில் நுரை. பெரிய மாலையை இரண்டாக அறுத்து இரண்டு மாட்டுக்கும் போட்டிருந்தார்கள். வெயிலில் வாடின அதை ஒன்றன் கழுத்திலிருந்து ஒன்று தின்றிருக்கிறது. சாமிநாதன் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நந்தி, எழுந்திர்றா. டேய் நந்தி" என்று அழுதுகொண்டிருந்தார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அமிர்தவள்ளி அப்படியே நின்றாள். அவள் முகம் போன விதத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. எனக்கே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குள் மற்ற மாட்டை நாலு பேர் தார்க்குச்சியால் குத்தி ஓட்டப் பார்த்தார்கள். ஓடி வியர்த்தால் விஷம் இறங்கும் என்றார்கள். அவள் நடுவில் பாய்ந்து மாலையைப் பிய்த்து எறிந்து, "ஓட்டாதீங்க! ஓடினா நெஞ்சு நின்னுடும். நிக்க வுடுங்க!" என்று கத்தினாள். ஒருவரும் கேட்கவில்லை. கிடங்குக் காவலாளி ஜான் பாஷா கையை விரித்துக் குறுக்கே நின்று, "நவுருங்கப்பா! பூ வளக்கறவளுக்குத் தெரியாதது உங்களுக்கு இன்னா தெரியும்?" என்று தடுத்தார். அதன் பிறகு அவள் மாட்டின் வாயைத் திறந்து, முழங்கை வரை விட்டு, இருந்த பூவையெல்லாம் வழித்து எடுத்தாள். பல் கிழித்து ரத்தம் வந்தது. கரியை நுணுக்கித் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றினாள். மாடு அசைபோடத் தொடங்கும்வரை கொம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ரயில்வேயில் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து. அவளைப் போல் ஒருவரையும் பார்த்ததில்லை. அந்த மாடு இப்போது பட்டை வண்டி இழுக்கிறது. நந்தி மட்டும் பிழைக்கவில்லை.

சாமிநாதனுடைய மாடு முன்பு ஒரு நாள் அவள் கொல்லையில் இறங்கின விரோதத்தால், மாட்டுக்கு என்று தெரிந்தே அவள் விஷ மாலை கொடுத்தாள் என்று பிராதில் கண்டிருக்கிறது. அவளைத் தண்டிக்கவும், செடிகளை வேரோடு பிடுங்கி எரிக்கவும் கேட்டிருக்கிறார். எரித்தால் புகையும் ஆகாது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பிடுங்கினால் அந்த நிலத்தில் வேறு எதுவும் வராது. அவள் சாப்பாட்டுக்கு வேறு வழியும் கிடையாது.

எதிரி உன் அக்கா மகள்தானே, உன் பேச்சை எப்படி நம்புவது என்று கேட்டதற்குச் சொல்வது: நான் ஒன்றுக்கு நாலு சேர்த்துப் பேசுகிறவன் என்று ஊரே சொல்லும். மற்றதில் எவ்வளவு வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளவும். செல்லம்மாள் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லில் நான் எதையும் சேர்க்கவில்லை, குறைக்கவும் இல்லை.

வேறு சாட்சி உண்டா என்று கேட்டதற்குச் சொல்வது: இன்று காலை நான் மாதனூரிலிருந்து புறப்பட்டபோது செல்லம்மாள் பின்னாலேயே நடந்து வந்தாள். நான் அழைக்கவில்லை. "உன் வூட்டுக்காரர் குடுத்த பிராதும்மா, திரும்பிப் போயிடு" என்று இரண்டு தடவை சொன்னேன். அதற்கு அவள், "நந்திக்குன்னு மட்டும் சொல்லு, வேற வாயத் தொறக்காதேன்னு அவருதான் சொல்லி அனுப்பினாரு. இப்போ பிராதுல மாட்டுப் பேரையே எழுதல. அத நான் எழுத வெச்சிட்டுப் போறேன்ண்ணே" என்றாள். வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கேட்கவும்.

இதை ரைட்டர் ஐயா படித்துக் காட்ட, நானும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது. இதில் கண்டது மெய் என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கோ. சுப்பராயன்