குதிகாலில் தட்டிய கயிறு

அன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள்: கேமராக்காரர், விளக்குப் பிடிக்கிற இரண்டு பேர், நடனம் சொல்லித்தருகிற பெண், டைரக்டராகிய என் தங்கை மகன், அப்புறம் நான். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். சினிமாக்காரர்களுக்கும் வயதை மதிக்கத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவனை எல்லோரும் மெச்சினார்கள். அவன் படங்களில் கேமரா ஆடுகிறது என்று எழுதினார்கள். கேமரா எங்கே ஆடும்? இவன்தான் ஆடுவான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, கேமரா போக வேண்டிய வழியில் ஆடிக்கொண்டே பின்னால் போவான். திரும்பிப் பார்க்க மாட்டான். நிற்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் தரையோடு ஒரு கயிறு ஒட்டியிருக்கும். குதிகாலில் அது தட்டியதும் இன்னும் ஓர் எட்டு வைத்து நிற்பான். தாளம் முடிய வேண்டுமாம். இந்தக் கூத்துக்குத்தான் மாலையும் விருதும்.

ஆட்டம் அவனுக்குத் தாய்வழி வந்த சீக்கு. என் தங்கை சினிமாப் பாட்டுகளில் பின்வரிசையில் ஆடினாள். முகம் தெரியாத வரிசை என்பதால் மறைக்க முடிந்தது. காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லிவைத்தேன். நான் சொன்னால் நம்புவார்கள்.

இந்தப் படம் அவளைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் சொன்னான்.

“எதுக்குப்பா? நல்லவளா செத்துப்போனவ, அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே” என்றேன்.

“அம்மா காய்ச்சல்ல போகல மாமா. நீங்க கதவைத் தொறக்கல. என்னை வாசல்ல விட்டுட்டு ஆத்துல எறங்கிட்டாங்க. அந்தக் கதவும் படத்துல வருது. நீங்க என்னை வளர்த்ததும் வருது.”

சோறு போட்டதற்கு நன்றி.

நடனப் பெண் சிரித்தாள். “அண்ணே, மாமாவையே நடிக்க வெச்சிருங்க. மொறைக்கிறதுக்கு வேற ஆள் தேட வேணாம்.”

மானம் கப்பலேறும் என்பார்கள். இவன் டிக்கெட் போட்டு ஏற்றப் பார்த்தான்.

டீ குடிக்க எல்லோரும் கீழே இறங்கினார்கள். எனக்கு முழங்கால் வலி, மேலேயே இருந்தேன். காட்சிக்கு மறைக்கிறது என்று பின்பக்கக் கம்பித் தடுப்பை அவர்களே கழற்றியிருந்தார்கள். அதில் என் கை இல்லை. கயிற்றை மட்டும் பிரித்து, விளிம்பை ஒட்டி மறுபடி ஒட்டினேன். கோணல் இல்லாமல் ஒட்டினேன்.

அவன் வந்தான், ஆடினான். நன்றாகத்தான் ஆடினான். தங்கைக்கும் தோள் அப்படித்தான் அசையும். கேமராக்காரர் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். கயிறு தட்டியது. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓர் எட்டு வைத்தான்.

நான் அவனைத் தொடவே இல்லை.

விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் அவன் குடித்துவிட்டு ஆடினான், அதனால்தான் விழுந்தான் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். எங்கள் குடும்பத்தில் யாரும் குடிப்பதில்லை.